துரைசாமிக்குப் பக்கத்தில் உன் படம்

மாப்ள,

பிளக்ஸ் பேனர் மெஷின் ஓடும்போது என் கடையில் அடிக்கும் மை வாடை உனக்குத் தெரியும். சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டேதான் உள்ளே வருவாய். "இந்த நாத்தத்துல எப்படி மாப்ள சோறு திங்கிற?" என்பாய். எனக்கு அது பழகிப்போன வாடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எனக்கு ஒரே வாடைதான். ஆனால் போன மாதம் ஒரு காலையில் அதே வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து பின்பக்கம் ஓடினேன். என்னைப் பெற்ற அத்தா காலத்திலிருந்து நடத்தும் கடையில் நான் வாந்தி எடுத்தது அன்றைக்குத்தான்.

என் போனில் ஒரு டிசைன் வந்திருந்தது. அனுப்பியவன் உன் மகன் கார்த்தி. "மாமா, சைஸ் பத்துக்கு இருபது அடி. அவசரம்" என்று கீழே எழுதியிருந்தான். அதை கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம், உங்கள் ஊரார் சாமியாகக் கும்பிடும் வெள்ளைக்காரன் துரைசாமி. சிவப்புக் கோட்டு, தங்கப் பித்தான், இடுப்பில் வாள், செம்பட்டை மீசை. அந்த ஆள் எப்படி இருந்தான் என்று எவனுக்கும் தெரியாது. இன்டர்நெட்டில் அகப்பட்ட எவனோ ஒரு வெள்ளைக்காரனின் முகத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. நெற்றியில் சந்தனம்.

வலது பக்கம் நீ.

கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாய் மாப்ள. அது உன் பணி ஓய்வு விழாவில் நானே எடுத்த படம். கரண்ட் ஆபீசில் உன்னோடு கம்பம் ஏறிய ஆட்கள் மாலை போட்டபோது, கூச்சப்பட்டு அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாயே, அந்தக் கும்பிடு. அதை அப்படியே வெட்டி எடுத்துத் துரைக்கு நேராகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், "துரைசாமியின் பரம பக்தர், ஆலயத் திருப்பணிக்கு வித்திட்டவர்." அதற்கும் கீழே உன் பெயர்.

சீ! எழுதும்போதே கை கூசுகிறது.

நீ என்னை முதன்முதலாக உன் ஊருக்குக் கூட்டிப் போனது நாம் காலேஜில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தபோது. அவனியாபுரம் தாண்டியதும் பஸ்ஸில் காலாற உட்கார இடம் கிடைத்தது. அப்போது நீ சொன்னாய்: "மாப்ள, இன்னைக்கு ஒரு கூத்துக் காட்டுறேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லிராத, மானம் போயிரும்." ஆடி மாதம். கண்மாய்க் கரையில் காரை பெயர்ந்த ஒரு சமாதி. அதைச் சுற்றி ஊரே நிற்கிறது. பொங்கல் பானை இல்லை, தேங்காய் இல்லை. ஒரு தாம்பாளத்தில் பிராந்தி பாட்டில், சுருட்டுக் கட்டு, பிஸ்கட் பொட்டலம். உன் அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து, சமாதியின் தலைமாட்டில் ஊற்றினார். சுருட்டைப் பற்ற வைத்துக் கல் இடுக்கில் சொருகினார். பிறகு குப்புற விழுந்து கும்பிட்டார். மண்ணும் சாராயமும் சுருட்டுப் புகையும் சேர்ந்து அடித்த அந்த நாற்றத்தில் எனக்கு அங்கேயே தலை சுற்றியது.

கூட்டம் கலைந்த பிறகு சமாதிக் கல்லில் இருந்த இங்கிலீசை நாம் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் கேப்டன். அன்பான கணவன். கருணை உள்ளவன். கடைசி வரி, இந்த நாட்டு மக்களால் மிகவும் நேசிக்கப்பட்டவன் என்று முடிந்தது. நீ அந்த வரி மேலேயே காறித் துப்பினாய். நான் பதறிப்போய், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா பார்த்துவிட்டார்.

"ஏண்டா, கட்டையில போறவனே! என்ன காரியம் பண்ணுன?"

"நம்ம ஆளத் தூக்குல போட்டவனுக்கு நாமளே ஊத்திக் குடுக்கணுமாப்பா?"

"குடுக்கலன்னா மறுபடி வருவான்டா!"

அவர் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு நான் ஆடிப்போனேன். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த மனுஷனுக்கு அவன் இன்னும் கண்மாய்க் கரையில்தான் படுத்திருந்தான்.

திரும்பி வரும்போது நீ கதையைச் சொன்னாய். கம்பெனிக்காரன் இந்தச் சீமையில் கால் ஊன்றிய புதிது. கோட்டைகளை இடித்துக்கொண்டு, கொடுக்காதவனை அடித்து வரி வாங்கிக்கொண்டு திரிந்த காலம். மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த வருடத்தில் இந்தக் கேப்டன் பட்டாளத்தோடு வந்து கரையில் கூடாரம் அடித்தான். கொடுக்க ஒன்றும் இல்லை. விதைநெல்லையாவது எடு என்றான். உன் முப்பாட்டனுக்கும் முந்திய ஒரு மனுஷன் அந்த விதைநெல்லை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான். எவ்வளவு அடித்தும் இடத்தைச் சொல்லவில்லை. கரையில் நின்ற புளியமரத்தில் அவனைத் தொங்கவிட்டார்கள். அவனுக்காகப் பேச வந்தவர்களையும் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். உடம்பை இறக்கக் கூடாது என்று காவல் வேறு போட்டார்கள்.

அந்தக் கூடாரத்தில் வாந்திபேதி கண்டது. கேப்டன் அதிலேயே செத்துப்போனான். அவனைப் புதைத்துவிட்டுப் பட்டாளம் கிளம்பிப் போனது. வற்றிய கண்மாயில் தோண்டிய அதே ஊற்றுத் தண்ணீரைக் குடித்த ஊருக்குள்ளும் வாந்திபேதி வந்தது. துரைக்குக் கோபம் தீரவில்லை என்றார்கள். தூக்கில் தொங்கியவனின் வீட்டுக்காரர்கள் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் அடங்குவான் என்று எவனோ குறி சொன்னான். பிணத்தை இறக்கின கையோடு அந்த வீட்டுக்காரர்கள் சாராயத்தை வாங்கிக்கொண்டு போய், எங்கள் ஆள் செய்தது தப்பு என்று விழுந்து கும்பிட்டார்கள். அதுதான் உங்கள் வீட்டு முதல் பாட்டில். இப்படி வருடா வருடம் கேட்ட மன்னிப்புக்கு, பின்னால் வந்த தலைமுறை முதல் மரியாதை என்று பெயர் வைத்தது. உன் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு சொன்ன "எங்க வீட்டு உரிமை" இதுதான்.

நம் பக்கத்தில் அநியாயமாகச் செத்தவனுக்கு ஒரு கல்லையாவது நட்டுச் சாமியாக்கி விடுவார்களே, இவனுக்கு ஏன் இல்லை என்று உன்னைக் கேட்டேன். "பேரச் சொன்னாலே சிப்பாய் வருவான்னு பேரையே சொல்லாம விட்டாக மாப்ள. அப்புறம் யாருக்கும் தெரியாமயே போச்சு. தூக்குல தொங்குன எங்க பாட்டன் பேரு எனக்குத் தெரியல. அவனக் கொன்னவன் பேரு கல்லுல இருக்கு." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வெளியே பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாய். "கல்லுல பொய்ய எழுதிட்டுப் போயிட்டான். நாம வருசா வருசம் பாட்டிலத் தொறந்து, ஆமா சாமி, நேசிக்கிறோம்னு அதுக்குச் சாட்சி சொல்றோம்."

உன் தாத்தா கதை நினைவிருக்கிறதா? வெள்ளையனே வெளியேறு என்று கத்திக்கொண்டு போய், தந்திக் கம்பியை அறுத்து, லத்தியில் முட்டி பெயர்ந்து, ஜெயிலுக்குப் போன மனுஷன். விடுதலையாகி ஊருக்கு வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே கண்மாய்க் கரைக்குப் போய்ச் சுருட்டு வைத்துக் கும்பிட்டார். துரை அருளால்தான் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று! இதைச் சொல்லும்போதெல்லாம் நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். சிரித்து முடித்ததும் உன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தாங்காது. வெள்ளைக்காரனைத் துரத்த உயிரைக் கொடுக்கத் துணிந்தவர். செத்த வெள்ளைக்காரனிடம் மட்டும் நடுங்கினார்.

உங்கள் ஊரை மட்டும் சொல்லி என்ன? மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டருக்கு ஊர்க்காரர்களே கூடி விளக்குத்தூண் நட்டார்கள் என்பார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன். நீ ஒருநாள் அதன் அடியில் நின்று ஜிகர்தண்டா குடித்துக்கொண்டே, "நமக்கு அடிச்சவனக் கும்புட்டாத்தான் தூக்கம் வரும் மாப்ள" என்றாய். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் உன்னை முறைத்தார். நீ அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தாய்.

உன் அப்பா காலமான வருடம், சமாதியில் முதலில் ஊற்றும் அந்தப் பாட்டில் உன் கைக்கு வந்தது. நீ வாங்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய்: "முதல்ல புளியமரத்துல செத்தவுகளுக்கு ஒரு கல்லு நடுவோம். அதுக்கப்புறம் உங்க துரைக்கு ஊத்துறதா வேணாமான்னு பேசுவோம்." புளியமரமே அப்போது இல்லை. செங்கல் சூளைக்கு விறகாகப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மரம் நின்ற இடம் எது என்பதிலேயே கூட்டத்தில் சண்டை வந்தது. கல்லுக்கு ஒருத்தரும் சரி சொல்லவில்லை. உன் பெரியப்பா மகன் முருகேசன், "உனக்கு வேணாம்னா விடு, நான் ஊத்துறேன்" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். உங்கள் வீட்டு உரிமை அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போனது. போய்த் தொலையட்டும் என்று நாம் இரண்டு பேரும் டவுன் ஹால் ரோட்டில் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

பிறகு சமாதிக்கு லைட் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். லைன் இழுக்க வேண்டிய ஆபீசில் போர்மேனாக நீ உட்கார்ந்திருந்தாய். "உசுரோட இருந்தப்ப நம்ம ஊருக்கு ஒரு வெளக்கு வைக்காதவனுக்குச் செத்தப்புறம் எதுக்குய்யா வெளக்கு?" என்று மனுவைத் திருப்பி அனுப்பினாய். உன் மேல் புகார் போனது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது அவரிடமும் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாய். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வாரமே லைன் கொடுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்து, மூக்கைக்கூடப் பொத்தாமல் டீ குடித்துவிட்டுப் போனாய்.

உனக்கு ஈரல் கெட்டுப்போனபோது ஊர் சந்தோஷப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமாதானம் அடைந்தது. பாத்தியா, துரை விடுவாரா என்று அங்கங்கே பேச்சு. ஒரு சொட்டுக் குடிக்காதவன் நீ! ஊரெல்லாம் பிராந்தி ஊற்றி, மிச்சத்தைக் குடித்து உருண்டவர்கள் எல்லாம் நன்றாக இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்ட ஒரு மத்தியானம் முருகேசன் வந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். சமாதியில் புகைந்த சுருட்டின் சாம்பல். நான் தடுக்கும் முன்னே அதை உன் நெற்றி நிறையப் பூசிவிட்டார். "துரை பாத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. கண்ணோரம் மட்டும் ஒழுகியது. நான் கர்ச்சீப்பை நனைத்துத் துடைத்தேன். மாப்ள, என் வாழ்க்கையில் அவ்வளவு அருவருப்போடு நான் எதையும் தொட்டதில்லை.

"தொடச்சுட்டியா?" என்றாய்.

"தொடச்சுட்டேன்."

"நல்லாத் தொடச்சு விடு மாப்ள. காதுப் பக்கம் இருக்கும்."

உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஒரு பாட்டிலை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தால் என்ன, ஒருவேளை பிழைத்துவிட்டால் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றாது? நீயும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாய். "என்ன வேணாலும் பண்ணு. அத மட்டும் எனக்காகப் பண்ணிராத" என்றாய். அவள் தலையை ஆட்டினாள். சொன்னபடியே நீ கண்ணை மூடும் வரை அவள் கண்மாய்க் கரைப் பக்கம் போகவில்லை.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த என்னிடம்தான் கார்த்தி அந்த டிசைனை அனுப்பியிருந்தான். அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டான். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான். நல்ல பிள்ளை மாப்ள, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, கோவப்படாம கேளுங்க. ஊர்ல அப்பா பேரு நாறிக் கெடக்கு. துரையப் பகச்சுச் செத்தவருன்னுதான் இன்னைக்கும் பேசுறாக. எனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதான் கேக்குறாக. முருகேசன் பெரியப்பா சொல்றாரு, கோயில் பெருசாக் கட்டி கும்பாபிசேகம் பண்றோம், அப்பா படத்தையும் போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்னு. அப்பா பேரக் காப்பாத்தத்தான் மாமா இம்புட்டும்."

"பேரக் காப்பாத்துறியா? உங்கப்பன் பேருல இருந்த ஒரே நல்லதையும் அழிக்கிறடா நீ!"

"செத்தவருக்கு என்ன தெரியப் போகுது மாமா? இருக்குறவுக நிம்மதியா இருக்கணும்ல? அம்மாவ ஊர்ல ஒருத்தரும் மதிக்கிறதில்ல. அது உங்களுக்குத் தெரியுமா?"

தங்கச்சி என்னிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அடித்துக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் மரியாதையாக எழுந்து, "சரி மாமா, வாரேன்" என்று போனான். மதுரையில் பிளக்ஸ் கடைக்கா பஞ்சம்? சாயங்காலமே அடித்து முடித்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

கும்பாபிஷேகத்தன்று காலையில் பஸ் ஏறிப் போனேன். படத்தை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியாவது பார்ப்போம் என்றுதான் போனேன். உன் ஊர் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சமாதியைச் சுற்றிச் சிமெண்டு மண்டபம், டைல்ஸ், குழாய் ஒலிபெருக்கி. துரைக்கு ஒரு சிலையே செய்துவிட்டார்கள். பூட்ஸ் போட்ட சிலை! அதற்கு வேட்டி கட்டி, பூட்ஸ் காலில் பூ போட்டு வைத்திருந்தார்கள். எதிரே பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தருக்காவது உறைக்கவில்லை மாப்ள. வாசலில் பத்துக்கு இருபதில் நீ அந்தத் துரையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாய். உன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முருகேசன் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். நான் தாழ்ந்த குரலில்தான் பேசினேன்.

"அண்ணே, அவன் இருந்தா இத ஒத்துக்கிருவானா? அந்தப் பக்கத்த மட்டும் மடிச்சு விட்ருங்கண்ணே. உங்க விழாவ நான் ஒண்ணும் சொல்லல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாய், இது எங்க கோயில் விசயம். நீங்க இதுல தலையிடாதீக."

பாய்! அவருடைய மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று பரிமாறியவன் நான். அவர் தகப்பனார் செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டியவன் நான். இத்தனை காலம் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட வாய். சொந்த ஊர்க்காரனைத் தூக்கில் போட்ட வெள்ளைக்காரன் அவருக்கு "எங்க சாமி." நான் வேற்று ஆள். சுற்றி நின்றவர்களில் நான் தெரிந்து வைத்திருந்த முகங்கள் நிறைய இருந்தன. எல்லாம் தரையைப் பார்த்தன. இளவட்டங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் இந்தத் தாடியோடு ஒரு கோயில் வாசலில் நின்று குரலை உயர்த்த எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் தங்கச்சியைப் பார்த்தேன். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவள், சமையல் கொட்டகைக்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். கையில் வாழை இலை நறுக்கும் கத்தி. என்னைப் பார்த்தாள். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் சேரை இழுத்துப் பிளக்ஸுக்குக் கீழே போட்டு மேலே ஏறினாள். உன் படத்தைச் சுற்றிக் கத்தியை இறக்கினாள். சர்ரென்று கிழியும் சத்தத்தில் நாயனக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சா? எறங்கு கீழ!" முருகேசன் கத்தினார்.

"ஆமா, கிறுக்குதான்!" அவள் அறுப்பதை நிறுத்தவில்லை. "ஒரு பாட்டிலுக்கு மனசு வராம புருசனச் சாகக் குடுத்தவளாம்னு ரெண்டு வருசமா தண்ணிக் கொழாயடியில கேட்டுக்கிட்டு இருக்கேன். நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் கூப்புடல. அம்புட்டையும் ஏன் பொறுத்துக்கிட்டேன்? அந்த மனுசன் கேட்டுக்கிட்ட ஒரே காரியம் அது. நான் அதக் காப்பாத்துனேன். இப்ப அவரவே இவன் கால்ல விழுக வச்சுட்டீகளே, நீங்கள்லாம் மனுசங்கதானா?"

கார்த்தி ஓடிவந்தான். "அம்மா, எறங்கும்மா, எல்லாரும் பாக்குறாக" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பாக்கட்டும். உங்கப்பா பேரக் காப்பாத்துறேன்னு சொன்னேல? சேரப் பிடி. ஆடுது" என்றாள். அவன் ஒரு நிமிஷம் பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு குனிந்து சேரைப் பிடித்துக்கொண்டான். அவள் அறுத்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அறுத்து எடுத்த துண்டை உன் முகம் வெளியே தெரியாதபடி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கத்தியைக் கொட்டகையில் போய்த் திருப்பிக் கொடுத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை ஆதரவாகவும் சொல்லவில்லை. நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது பின்னால் மறுபடி நாயனம் ஆரம்பித்தது. பாட்டில் திறந்திருப்பார்கள். காற்றில் அந்த நாற்றம் வந்தது. நான் ரோட்டோரம் துப்பினேன். தங்கச்சி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ் வரும் வரை என்னோடு நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, இனிமே இந்த ஊர்ல நம்ம வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாக. நாளைக்கு நான் செத்தா நீங்க வருவீகல்ல?"

"என்னம்மா பேச்சு இது?"

"கேட்டதுக்குச் சொல்லுங்கண்ணே. கார்த்தி ஒருத்தனாத் தூக்க முடியாது."

"வாரேன்மா. ஆளுகளையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்பு சிரிப்புதான் முதலில் வரும். இப்போது குமட்டல்தான் வருகிறது. அது போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான். அதோடு உன் வீட்டுக்காரிக்குக் கொடுத்த வாக்கும் என்னிடம் இருக்கிறது. செத்து இத்தனை தலைமுறை ஆன ஒரு கொலைகாரனுக்கு உன் ஊர் முழுக்கக் கூடி நிற்கிறது மாப்ள. என் தங்கச்சியைத் தூக்க நாலு பேர் யார் என்று நான் சிம்மக்கல்லில் இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.